ஒன்பதாவது மீட்டர்

எங்கள் விண்கலம் போகிற வழியில் டீ குடிக்க நின்றது. சரியாக இருபத்துநான்கு நிமிடம். அலுவலக அறிக்கையில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். நின்றதற்குக் காரணம் நான். அதையும் அறிக்கையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். நல்ல மாதிரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் பெயர் செல்வநாயகி. அப்பா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், லிஃப்டில் ஒருமுறை குரியர்காரரிடமும் சொன்னேன். அவர் பாவம், கையெழுத்து மட்டும்தான் கேட்டார். கோபம் எனக்குக் கூடப்பிறந்தது. யார் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாலும் என்னை அவமானப்படுத்தத்தான் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நீலாம்பூரைத் தாண்டி எங்கள் ஷெட். முன்பு கோழித்தீவனக் கிடங்காக இருந்தது. இப்போது அதற்குள் விண்வெளிக்குப் போகிற சாமான் செய்கிறோம். வெயில் ஏறினால், தீவனத்தில் கலந்த கருவாட்டு வாடை இன்னும் லேசாக வரும். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் ஏதாவது ஊதுவத்தி ஏற்றிச் சமாளிப்போம்.

செய்கிற சாமான் இதுதான். சூரிய ஒளி எதன் மேல் பட்டாலும் அதைத் தள்ளும். உள்ளங்கையில் ஒரு எறும்பு உட்கார்ந்தால் தெரிகிற கனம்கூட அந்தத் தள்ளலுக்குக் கிடையாது. ஆனால் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பாயை வீட்டுமனை அகலத்துக்கு விரித்துப் பிடித்தால், அந்தத் தள்ளலிலேயே, எரிபொருள் இல்லாமல், ஒரு கலம் வருடக்கணக்கில் ஓடும். பாயை விரித்துப் பிடிக்க நான்கு மூலைக்கும் நான்கு நீளக் கைகள் வேண்டும். அதைத்தான் பூம் என்கிறோம். கொத்தனார் வைத்திருக்கிற இரும்பு டேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும், இழுத்தால் விறைத்து நிற்கும். எங்கள் பூம் கரியிழையில், அதாவது கார்பன் ஃபைபரில், செய்தது. பதினெட்டு மீட்டர். சுருட்டினால் ஒரு டிபன் பாக்ஸ்.

மற்றவர்கள் பூமை மோட்டார் வைத்துத் தள்ளுவார்கள். மோட்டார் கனம். எங்கள் கம்பெனி கண்டுபிடித்தது மோட்டார் தேவைப்படாத, பழகுகிற இழை. அதை எப்படி விரித்துப் பழக்குகிறோமோ அப்படியே பிறகு தானாக விரியும். முதலில் எந்திரக் கையை வைத்துப் பழக்கிப் பார்த்தார்கள். எந்திரம் இருநூறு தடவையும் ஒரே மாதிரி விரித்தது, பூமும் அந்த ஒரே மாதிரியைத்தான் கற்றது. குளிர் கொஞ்சம் கூடினாலும் திகைத்து நின்றுவிட்டது. மனிதர் கையில் ஒவ்வொரு நாளும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதில்தான் பூமுக்குச் சமாளிக்கத் தெரிந்தது. ஆகவே ஒரு பூமுக்கு ஒரு ஆள். காலையில் மெல்ல விரிக்க வேண்டும், மதியம் மெல்லச் சுருட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, இருநூறு நாளுக்கு மேல். பழக்குகிறவர் பொறியியல் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று விதி. கான்ட்ராக்ட் ஆட்கள் கலத்தில் போகிற பூமைத் தொடவே கூடாது.

கலத்தின் முதல் மூன்று பூம்கள் பிரணவும் இன்னும் இரண்டு பேரும் பழக்கியவை. நான்காவது என்னுடையது. பிரணவ் பெரிய இடத்தில் படித்தவன். கெட்டவன் இல்லை, அதுவே எனக்கு எரிச்சல்.

நான் பழக்க ஆரம்பித்த முதல் பூம் நாலாவது மீட்டரில் மடிந்தது. இரண்டாவதும் அதே நாலாவது மீட்டரில். பதிவுக் கருவியில் பதிந்த இழுப்பை வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். நாலாவது மீட்டரில் என் கை வெடுக்கென்று இழுக்கிறது. அங்கே நின்றால் எதிரே கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் திட்டத் தலைவர் சுதர்சன் சார் உட்கார்ந்திருப்பது தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்தால் ஏன் பார்க்கிறார் என்று கோபம். பார்க்காவிட்டால் ஏன் பார்க்கவில்லை என்று கோபம். அந்தக் கோபமெல்லாம் இழையில் பதிந்திருந்தது. பிரணவ் படத்தைப் பார்த்துவிட்டு, “செல்வா, உன் பூம் யாரையோ முறைக்குது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவதும் மடிந்தால் உன்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சுதர்சன் சார் மரியாதையாகவே சொன்னார். காகிதம் பார்க்கிற வேலை. எங்கள் வீட்டில் அதையும் பெரிய வேலையாகத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அது சாவு.

இந்த இடத்தில்தான் நாகமணி வருகிறார்.

நாகமணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சூலூர்ப் பக்கம். அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு ஆயா. எங்களிடம் கான்ட்ராக்டில் தரை துடைக்கவும் டிராலி தள்ளவும் வந்தார். டிராலி என்றால், பூம் தன் கனத்துக்குத் தொய்யாமல் இருக்க மேலேயிருந்து கயிற்றில் தாங்கும் சின்னச் சக்கர வண்டிகள். விண்வெளியில் கனமில்லை, ஷெட்டில் உண்டே. அந்த வண்டிகள் ஓடுகிற மேல் ரெயில் தீவன மூட்டை தூக்கிய காலத்து ரெயில். இரண்டு துண்டுகளை ஒட்டவைத்தது. ஒட்டு சரியாக ஒன்பதாவது மீட்டரில். எந்த வண்டியும் அங்கே தட்டி நிற்கும். நாகமணி ஒரு மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளிவிட்டால்தான் தாண்டும். அந்த ரெயிலை மாற்றச் சொல்லி நான்கு கடிதம் எழுதியிருக்கிறேன். நான்கிலும் ரெயிலைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் இருந்தது.

என்னுடைய மூன்றாவது பூமின் இரண்டாம் நாள். பாதியில் வீட்டிலிருந்து போன். தம்பியின் கல்லூரிச் சான்றிதழ் விஷயம், கத்த வேண்டிய விஷயம். பூமைக் கீழே விட முடியாது. “ஒரு நிமிசம் புடிங்க” என்று நாகமணி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்க் கத்தினேன். ஒரு நிமிடம் என்பது அரைமணி ஆயிற்று. திரும்பி வந்தால் பூம் கடைசிவரை விரிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், காற்றில் படுத்திருந்தது. நாகமணி முனையைப் பிடித்தபடி நின்றார்.

“கை உடைஞ்ச புள்ளைக்குக் கட்டுப் பிரிக்கிற மாதிரிதானுங்க மேடம்,” என்றார். “அது எப்ப வருதோ அப்ப வாங்கிக்கோணும். இழுத்தா அழுவும்.”

படத்தைப் போட்டேன். எங்கள் ஷெட்டில் அதுவரை யாரும் போடாத படம். பிரணவே எழுந்து வந்து, “இது யார் போட்டது?” என்று கேட்டான்.

“நான்தான்” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் அதுவாகச் சொன்னது.

அதற்குப் பிறகு இருநூற்றுப் பத்து நாள் நாகமணி பழக்கினார். நான் கையுறை மாட்டிக்கொண்டு, ஷெட்டுக்குள் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு, முகமூடி, தொப்பி. யார் யாரென்று தெரியாது. அந்த உட்கார்ந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேல்தட்டு ஆட்கள் அடுத்தவர் உழைப்பை எப்படித் தங்கள் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள் என்று இணையத்தில் கட்டுரை எழுதினேன். நன்றாகப் போயிற்று. மகளிர் தினத்துக்கு என்னை மேடையேற்றினார்கள். பூமைப் பழக்கும் முதல் பெண் என்று. கை தட்டினவர்களில் நாகமணியும் உண்டு. நாற்காலி அடுக்க வந்திருந்தார்.

பழக்கும்போது ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று விதி உண்டு. நிறுத்தினால் சுருட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாகமணி பாதியில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் போகிறார் என்று பதிவுக் கருவி மஞ்சள் விளக்குப் போட்டுக் காட்டியது. டீ குடிக்கத்தான் போகிறார் என்று தெரியும். விதியை அவரிடம் நான் சொல்லியே இருக்கவில்லை. சொன்னால் அவர் யாரிடமாவது சந்தேகம் கேட்பார், நாள் தவறாமல் அவர் இவ்வளவு நேரம் அங்கே என்ன செய்கிறார் என்ற பேச்சு வரும். ஆகவே படத்திலிருந்து அந்த இடைவெளியை, எங்கே, எவ்வளவு நேரம் என்றுகூடப் பார்க்காமல் வெட்டி, இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட்டேன். ரெயில் மாதிரியே. படத்தில் வெட்டிவிட்டால் இழையிலும் வெட்டுப்பட்டுவிடும் என்று நினைத்தேன் போல. நான்கு வருடம் பொறியியல் படித்தவள்.

சோதனையில் தெரியவில்லையா என்றால், தெரியவில்லை. காற்றை உறிஞ்சிய பெரிய உருளைக்குள் வைத்து, தானாக விரியவிட்டுச் சோதிப்போம். அந்த உருளை ஆறு மீட்டர் நீளம். ஆறு மீட்டர் விரிந்ததும் மீதியைக் கணக்குப் போட்டு, தேர்ச்சி என்று முத்திரை குத்துவோம். பதினெட்டு மீட்டரும் தானாக விரிய வேண்டிய முதல் இடம் விண்வெளிதான். நான்கு பூம்களும் தயாரானதும் தரை துடைக்கிற ஆட்கள் எல்லோரையும் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். நாகமணி போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கண்ணாடி வழியாகக் கையசைத்தேன்.

விரிக்கும் நாள். கலம் மேலே போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை பத்தரைக்கு மாடி ஹாலில் எல்லோரும் கூடினோம். முதலில் பூம்கள் ஒவ்வொன்றாக, பிறகு பாய். முதல் பூம் விரிந்தது. ஐந்தாவது மீட்டரில் மூன்று நொடி தயங்கி, பிறகு போயிற்று. பிரணவ் நெளிந்தான். அவன் போன் பார்க்கிற இடம் அது. ஒன்பதாவது மீட்டரில் பத்து நொடி நின்றது. இரண்டாவதும் ஒன்பதில் பத்து நொடி. மூன்றாவதும். பிரணவ்தான் முதலில் கண்டுபிடித்தான்.

“சார், அது நம்ம ரெயில் ஒட்டு,” என்றான். “டிராலிய யாராவது தள்ளிவிடுவாங்கன்னு வெயிட் பண்ணுது.”

ஹால் மொத்தமும் சிரித்தது. அத்தனை தொலைவில், ரெயிலும் இல்லை டிராலியும் இல்லை, மூங்கில் குச்சிக்காகக் காத்து நிற்கிற மூன்று பூம்கள். என் நான்கு கடிதங்களை எல்லோருக்கும் நினைவுபடுத்தினேன். அப்போதும் வாயை மூடவில்லை.

பதினொன்று பதினாறுக்கு நான்காவது பூம் ஒன்பதாவது மீட்டருக்கு வந்து நின்றது. பத்து நொடி. முப்பது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அணைந்தது.

நிலைமை இதுதான். மூன்று பூம் முழுசாக, ஒன்று பாதியில். கலம் ஒருபக்கமாகச் சாய்ந்து மெல்லச் சுழல ஆரம்பித்துவிட்டது. இன்னும் அரைமணிக்குள் ஆன்டெனா பூமியைவிட்டுத் திரும்பிவிடும், சோலார் தகடும் சூரியனைவிட்டுத் திரும்பிவிடும். மறுபடி பேச ஆறு மணி நேரம் ஆகும், அதற்குள் பேட்டரி செத்துவிடும். ஒவ்வொரு பூமின் அடியிலும் அவசரத்துக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. கட்டளை கொடுத்தால் ஒரே ஒரு தடவை உதைத்துத் தள்ளும். சிக்கியிருந்தால் விடுபடும். சிக்காமல், தானாக விறைத்து நிற்கிற பூமை உதைத்தால் ஒடிந்துவிடும். ஸ்பிரிங்கின் பூட்டு சூடேறித் திறக்கவே பத்து நிமிடம் ஆகும், ஆகவே பதினொன்று முப்பத்தெட்டுக்குள் கட்டளை போக வேண்டும் என்று பிரணவ் கணக்குச் சொன்னான்.

சுதர்சன் சார் என் பக்கம் திரும்பினார். “செல்வநாயகி, உன் பூம். இருநூறு நாள் பழக்கியிருக்கே. ஒன்பதுல என்ன பண்ணுவே?”

எனக்கு எப்படித் தெரியும்? கட்டுரையல்லவா எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வராந்தாவுக்கு வந்தேன். போனில் அவர் பெயரை ‘நாகமணி கான்ட்ராக்ட்’ என்று போட்டு வைத்திருந்தேன். மூன்றாவது முயற்சியில் எடுத்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். பழைய எலும்பு வார்டுக்கே திரும்பிப் போயிருந்தார்.

“ஒம்போதா?” என்றார். “அது டீக்குப் போற எடமுங்க. ரெயில் ஒட்டுல வண்டி தானா நிக்குமில்ல, கையி விட்டாலும் அசையாது. அங்க நிறுத்தி வெச்சுப்போட்டு நான் போயிட்டு வருவேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருவது, இருவத்தஞ்சு ஆயிருமுங்க. பின் கேட்டுக்குப் போயி, வரிசையில நின்னு, குடிச்சுப்போட்டு, மறுக்கா வாரப்ப செக்யூரிட்டி பையத் தொறந்து பாக்கோணுமில்ல.”

“மாடியில பேன்ட்ரி இருக்கே. அதுல குடிச்சா அஞ்சு நிமிசம்தானே.”

“நீங்கதானுங்க வர வேண்டாம்னீங்க.”

உண்மையாகவே எனக்கு மறந்திருந்தது. அவர் சொன்ன பிறகுதான் அந்த நாள் முழுசாக வந்தது. இரண்டாவது வாரம். நாகமணி பேன்ட்ரிக்கு வந்து ஒரு கப் பிடித்துக் குடித்திருக்கிறார். அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, உங்கள் தரை ஆள் இந்த நேரத்தில் மாடியில் என்ன செய்கிறார், அங்கே பூம் யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள். கீழே போய், “இனிமே மேல வராதீங்க, பின் கேட்லயே குடிச்சுக்கங்க, எல்லாருக்கும் நல்லது” என்றேன். எல்லாருக்கும் என்றால் எனக்கு. அவர் சரிங்க என்றார். அதே வாரம்தான் என் ஆங்கிலத்தை யாரோ கேலி செய்தார்கள் என்று மூன்று பக்கம் மெயில் எழுதி, அதில் சமத்துவம் என்ற சொல்லை ஏழு தடவை போட்டிருந்தேன்.

“ஏனுங் மேடம், என்னாச்சு?”

சொன்னேன். மேலே நிற்கிறது, உதைக்கப் போகிறார்கள் என்றேன்.

“அய்யோ, ஒதைக்க வேண்டாமுங்க. அது கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. சித்த இருந்தா தானா வரும். வாரப்ப மொதல்ல ஒரு வெரக்கடை, ஒரு வெரலு அகலம், பின்னால போகும், பயந்துக்காதீங்க. டீக்குப் போயிட்டு வந்து, தொய்வு இருக்கான்னு ஒரு வெரக்கடை பின்னால வாங்கிப் பாத்துட்டுத்தான் உடுவேன்.”

ஹாலுக்குத் திரும்பியபோது மணி பதினொன்று முப்பத்திரண்டு. கட்டளையைத் தயார் செய்து, அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்தில் பிரணவ் உட்கார்ந்திருந்தான். கதவிலிருந்து சுதர்சன் சாரின் மேசைக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில் நான் மூன்று பொய்களைத் தயார் செய்தேன். இழை சூடாக நேரம் எடுக்கிறது. நிழல் பட்டிருக்கலாம். என் உள்ளுணர்வு சொல்கிறது. மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. மூன்றுக்கும் அவர் ஆதாரம் கேட்பார், கேட்டால் என்னிடம் கிடையாது.

“சார், உதைக்க வேண்டாம். அது டீ குடிக்கப் போயிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். யார் பழக்கியது, எங்கே நிறுத்தியது, ஏன் அத்தனை நேரம், படத்தில் நான் எதை வெட்டினேன் என்று எல்லாம். என்னைப் பார்த்து வாய் பிளந்து நின்றவர்களில் என் கட்டுரையைப் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள்.

சுதர்சன் சார் மெதுவாகக் கேட்டார். “இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துலயும் உன் கையெழுத்து இருக்கே?”

“கையெழுத்து மட்டும்தான் சார் என்னோடது.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நேரமில்லை. போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, நாகமணியிடம் நேராகக் கேட்டார். இன்னும் எத்தனை நிமிடம் என்று சொல்ல முடியுமா என்று.

“செக்யூரிட்டியப் பொறுத்துங்க சார்,” என்றது நாகமணியின் குரல், ஹால் முழுவதும். “வயசானவரு இருந்தா சீக்கிரம் உட்டுருவாரு. அந்த மீசைக்காரன் இருந்தா லேட்டாகும்.”

பதினொன்று முப்பத்தெட்டு. பிரணவ் திரும்பிப் பார்த்தான். சுதர்சன் சார் தலையை ஆட்டவில்லை. முப்பத்தொன்பது. இனி உதைத்தாலும் பயனில்லை. பதினான்கு வருடம் அவர் இந்தத் திட்டத்துக்காக அலைந்திருக்கிறார். எங்கள் பின் கேட்டில் மீசைக்காரனா வயசானவரா என்பதில் அத்தனையும் வந்து நின்றது.

பதினொன்று நாற்பதுக்குப் பூம் அசைந்தது. பின்பக்கமாக. இரண்டு சென்டிமீட்டர். யாரோ அய்யோ என்றார்கள்.

“பின்னால போச்சுங்களா?” என்றார் நாகமணி போனில். “செரி, வந்துட்டேன்.”

பிறகு அது முன்னால் வந்தது. பத்தாவது மீட்டர், பதினொன்றாவது, பதினாறாவது. ஓர் இடத்திலும் தயங்கவில்லை. மற்ற மூன்றைவிட அழகாக, பதினெட்டு மீட்டரும்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நல்லவளாகிவிட்டிருப்பேன். என் ராஜினாமாக் கடிதம்கூடத் தயாராக இருந்தது, அதிலும் இரண்டு பக்கம் என்னைப் பற்றித்தான். சுதர்சன் சார் அதை வாங்கவில்லை.

“நீ சொன்னதை நான் கேட்டேன், ஹால் கேட்டுது. அறிக்கை கேட்காது,” என்றார். “தகுதியில்லாத கை தொட்டுதுன்னு எழுதினா அடுத்த நாலு கலத்துக்கும் அனுமதி போயிடும். இங்கே அறுபது பேர் இருக்காங்க.”

“அவங்க கைக்குத்தான் சார் தகுதி இருந்தது.”

“எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது.”

அறிக்கை வந்தது. இருபத்துநான்கு நிமிடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘திட்டமிட்ட வெப்பச் சமநிலை இடைவேளை’. சூடும் குளிரும் சமமாகிற வரை பூம் பொறுத்திருந்து விரிந்ததாம். அந்த இரண்டு சென்டிமீட்டர் பின்வாங்கலைப் பார்த்து வெளிநாட்டில் வியந்துபோனார்கள். தொய்வை எடுத்துவிட்டு விரிகிற அந்த உத்தியால்தான் பூம் ஒடியாமல் பிழைத்தது என்று கணக்குப் போட்டு நிரூபித்து, பழக்கியவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இப்போது பாடப்புத்தகத்திலேயே வரப்போகிறதாம். ‘செல்வநாயகி பின்னிழுப்பு’. அப்பா மண்டியில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவரிடம் மட்டும் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. ஹாலில் அறுபது பேர் முன்னால் சொல்லிவிட்டேன், அவரிடம் முடியவில்லை.

அடுத்த கலத்துக்கு வேலை ஆரம்பித்தது. பிழைத்த முறையை மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பெரிய விதி. ஆகவே புதிய கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். பழக்குபவர் ஒன்பதாவது மீட்டரில் பூமை நிறுத்திவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, இருபத்துநான்கு நிமிடம் கழித்து, பாதுகாப்புச் சோதனை முடித்துத் திரும்ப வேண்டும். ரெயிலின் ஒட்டைச் சரி செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. பின் கேட்டிலேயே குடியுங்கள் என்று நான் அன்று வாயால் சொன்னது இப்போது பத்தி நான்கு, உட்பிரிவு இரண்டு. பிரணவும் நானும் தினமும் பின் கேட்டில் வரிசையில் நிற்கிறோம். மீசைக்காரர் பையைத் திறந்து பார்க்கிறார். பிரணவ் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்க்கிறான். நான் நாலாவது மீட்டரில் இன்னும் வெடுக்கென்று இழுக்கிறேன். இந்தக் கலத்துக்கு நான் பழக்கிய பூமும் மடிந்துவிட்டது.

அதனால்தான் நாகமணியைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொல்ல ஆசை. மடிந்த பூம்தான் காரணம். ஆஸ்பத்திரியில் ஒரு பையன் முழங்கையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். முடிக்கிறவரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு கைகழுவிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வார்டுக்கே டீ வந்தது. எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

திரும்ப வந்து பழக்குவீர்களா என்று கேட்டேன். உதவியாளர் என்று போட்டுத் தருகிறார்கள், நிரந்தரம் என்றேன். கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான், விதி இன்னும் மாறவில்லை என்றேன். டீ எங்கே என்று கேட்டார். உட்பிரிவு இரண்டைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பரவால்லீங்க. எனக்கு இங்கயே நல்லா இருக்குது.”

பிறகு பெயர் விஷயத்தைச் சொன்னேன். அது உங்கள் பெயராக இருக்க வேண்டியது, மாற்றச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போது எனக்கே அது கொஞ்சம் நாடகமாகத்தான் பட்டது. அதுவரை அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

“பின்னால போறதுக்குத்தானே அம்மணி உங்க பேரு வெச்சிருக்காங்க? அது இருந்துட்டுப் போவுது. அதுக்கப்பறம் முன்னால வந்துதே, ஒம்போதுல இருந்து பதினெட்டு வரைக்கும், அதுக்கு ஏதாச்சும் பேரு வெச்சிருக்காங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

கேட்டேன். முறைப்படி, படிவம் நிரப்பி, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு. நேற்றுப் பதில் வந்தது, ஒரே வரியில். இயல்பான விரிவுக்குத் தனிப்பெயர் தேவையில்லை.

பதிலை அவருக்கு அனுப்பிவைத்தேன். படித்துவிட்டார், நீலக் குறி விழுந்தது. இன்று காலை மறுபடி ஒரு படிவம் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை காரணம் எழுதுகிற கட்டத்தில் என்னைப் பற்றி ஒரு வரிகூட வராமல் எழுதிப் பார்க்கிறேன். மூன்று தாள் கிழித்தாயிற்று.